காலைத் தூக்காமல்

மூன்று நாளாகக் குளியலறைக் கண்ணாடியில்
சிரித்துப் பழகியிருந்தேன்.
பல் தெரியலாம், ஈறு தெரியக் கூடாது
என்பது ஷைனியின் சட்டம்.
ஒன்பதாம் வகுப்பு. கைப்பேசியில் தேடித் தேடி
எனக்காகக் குறிப்பெடுத்தவள்.
"முதல் ஏழு நொடிதான்ப்பா,
அதுக்குள்ள அவங்க முடிவு பண்ணிடுவாங்க."
பதினோரு வருடம் ஒரே நாற்காலியில்
வவுச்சர் ஒட்டியவனுக்கு
ஏழு நொடி என்பது
ஸ்டேப்ளருக்குப் பின் போடும் நேரம்.

சட்டை மச்சானுடையது, கழுத்து அரை இஞ்ச் பெரிது.
டை, கீழ்வீட்டு மெடிக்கல் ரெப் கொடுத்தது,
முடிச்சு அவிழ்க்காமல்.
ஷூ மட்டும் சொந்தம்.
கல்யாண வரவேற்புக்குப் புரசைவாக்கத்தில் எடுத்தது.
அந்த ஒரு ராத்திரி நின்றுவிட்டு
மெல்லிய தாளுக்குள், லாஃப்டில்,
பதினாறு வருடம் படுத்துக் கிடந்தது.
துடைத்தபோது என் முகத்தையே காட்டிற்று.
"புதுசு மாதிரியே இருக்கே" என்றாள் ஸ்டெல்லா.

பெரம்பூரிலிருந்து மூர் மார்க்கெட் வரை ஒன்றுமில்லை.
பார்க் ஸ்டேஷன் படியேறும்போது
குதிகாலில் கடலை மிட்டாய் உடைந்தது போல ஒரு சத்தம்.
கூட்டம். குனிய முடியவில்லை.
கிண்டியில் இறங்கித் திரும்பிப் பார்த்தால்
கறுப்புப் பொடி
எறும்பு வரிசையாக என்னைத் தொடர்ந்து வந்திருக்கிறது.

யாரும் மிதிக்காமலே
சென்னைப் புழுக்கம் அதன் அடியைத் தின்றிருக்கிறது.
மேலே பளபளப்பு. கீழே
காய்ந்த பிரெட்.

ஸ்டேஷன் வாசலில் செருப்புத் தைப்பவர்
ஷூவை வாங்கிப் பார்த்தார்,
என் முகத்தைப் பார்க்கவில்லை.
"இது நிக்காது சார்.
போட்டுட்டே இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."
மணி ஒன்பது நாற்பது. நேர்காணல் பத்துக்கு.
"ஒட்டுங்க" என்றேன்.
ரெண்டு தையல், கொஞ்சம் பசை, முப்பது ரூபாய்.
"காலைத் தூக்காம நடங்க."

கேரம் பலகையில் பவுடர் போட்ட காய் மாதிரி
எஸ்டேட்டுக்குள் வழுக்கிக்கொண்டே போனேன்.
கேட்டில் காவலர் படம் எடுத்து
கழுத்தில் மாட்டச் சொன்னார்.
அதில் எனக்குக் கண் மூடியிருந்தது.

மூன்றாம் மாடி. தரை வெள்ளை.
அப்படியொரு வெள்ளையை ஆஸ்பத்திரியில்கூடப் பார்த்ததில்லை.
கண்ணாடி அறைக்குள் மூன்று பேர்.
கதவிலிருந்து நாற்காலிக்கு ஒன்பது அடி.
ஏழு நொடி என்றாளே ஷைனி,
போய்ச் சேரவே எனக்கு இருபது பிடித்தது.
சிரித்தேன். ஈறு தெரிந்ததோ என்னவோ.
கைகுலுக்கினேன். கண்ணைப் பார்த்தேன்.
அந்தக் கண்கள் எனக்குப் பின்னால், தரையில்,
எதையோ வாசித்துக்கொண்டிருந்தன.

ஜி.எஸ்.டி. கேட்டார்கள், சொன்னேன்.
மூன்று ரூபாய் வித்தியாசத்துக்காக
ராத்திரி பத்து மணி வரை லெட்ஜர் புரட்டியதை
கேட்காமலே சொன்னேன்.
நடுவிலிருந்த பெண்மணி குறித்துக்கொண்டார்,
அதையா, பொடியையா தெரியாது.
"அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பார்க்கறீங்க?"
சொல்வதற்கு ஷைனி எழுதித் தந்த பதில் இருந்தது.
மனசுக்குள் இருந்தது வேறு:
முதலில் லிஃப்ட் வரைக்கும்.

வெளியே மாப் குச்சியைச் சாய்த்துப் பிடித்தபடி
ஒரு பெண் காத்திருந்தார்.
"நீங்க போயிடுங்க சார், ஒரேயடியா தள்ளிக்கிறேன்."
இருந்தும் குனிந்து பெரிய துண்டுகளைப் பொறுக்கினேன்.
ஒரு குதிகால் முழுசாகவே கிடைத்தது.
ஃபைலுக்குள் வைத்தேன்,
அனுபவச் சான்றிதழுக்கு மேல்.

இடைவேளையில் டீச்சர் போனிலிருந்து கூப்பிட்டாள்.
"எப்படிப்பா?"
"நல்லாப் பதிஞ்சுதும்மா.
வாசல்ல ஆரம்பிச்சு கடைசி வரைக்கும்."

கிண்டி பிளாட்பாரத்தில் சாக்ஸோடு நின்றேன்.
சிமெண்ட் சுட்டது.
பெஞ்சில் இருந்தவன் முதலில் என் காலைப் பார்த்தான்,
அப்புறம் டையை,
முகத்தைக் கடைசியாக.
பிறகு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.
இடம் விட்டானா, விலகினானா
என்று ஏழு நொடி யோசித்துவிட்டு
உட்கார்ந்தேன்.